பெயரை மாற்றினால் பொய்யாகுமா?

ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஸ்வீடனில் குடியேறிய சிலர், 1990-களில் தங்கள் குடும்பப் பெயரை ஸ்வீடிஷ் சாயலுள்ள பெயராகவோ பொதுவான பெயராகவோ மாற்றிக்கொண்டனர். அதன்பின், மாற்றாதோரைவிட அவர்களது வருவாய் உயர்ந்ததை 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பெயரை மாற்றியதால் எவருக்கும் திறமை கூடுவதில்லை. பார்ப்பவர் கண்ணே மாறியது.

இது சத்தியத்திற்கு முரணா? வஞ்சிக்கும் எண்ணமின்றிச் சட்டப்படி பெயரை மாற்றுவது பொய்யாகாது. பெயர் ஓர் உபாதி, ஆன்மாவுக்குப் பெயரில்லை. துறவியும் பழைய பெயரை விடுகிறார். ஆனால் அவர் மனமுவந்து விடுகிறார். இவர்களோ பிழைப்புக்காக, முன்னோர் தந்ததை வேறு வழியின்றி விடுகின்றனர். முன்னது தியாகம்; பின்னது இழப்பு. ‘எல்லாம் வெறும் நாமரூபம்தானே’ என்று கூறி இவ்விழப்பைப் புறக்கணிப்பது வேதாந்தமன்று, இரக்கமின்மையே.

சாந்தோக்கிய உபநிஷதத்தில், தன் கோத்திரம் அறியாத சத்தியகாமன் தாயின் பெயரைச் சொல்லி நின்றான். கோத்திரம் கேட்ட ஹாரித்ருமத கௌதமர், விடையிலிருந்த வாய்மையைக் கண்டு அவனைச் சீடனாக ஏற்றார். சொன்னவனிடம் துணிவு இருந்தது. கேட்டவரிடம் அதை மதிக்கும் பெருமை இருந்தது.

ஆதலால், பெயரை மாற்றியவரிடம் வாய்மையை எதிர்பார்க்குமுன், ஒரு பெயரைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.