இருவருக்கு ஒரு வழக்கறிஞர்

இங்கிலாந்திலும் வேல்சிலும் வீடு வாங்குவோரின் வழக்கறிஞரே பெரும்பாலும் கடன் தரும் நிறுவனத்துக்காகவும் பத்திரங்களை ஆராய்கின்றார். அதற்கு அவரது அலுவலகம் அந்நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். ஒருவர் இருவருக்கும் உண்மையாக இருத்தல் இயலுமா?

அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் விடை பகர்ந்தது. 2,20,000 பவுண்டுக்கு விலை பேசப்பட்ட வீட்டை, விற்பவர் 1,50,000 பவுண்டுக்கே வாங்கவிருந்தார். இதனை அறிந்த வழக்கறிஞர் கடன் தருவோருக்குத் தெரிவிக்கவில்லை; அது கடமை தவறிய செயல் எனத் தீர்ப்பாயிற்று.

வாங்குபவர் தம் செய்தியை வெளியிட இசையாவிடில் என் செய்வது? அவருடைய மறைபொருளை வெளியிடலாகாது. கடன் தருவோரை ஏமாற்றவும் ஆகாது. ஆகவே வழக்கறிஞர் கடன் தருவோரின் பணியினின்று விலகுதலே முறை. வருவாய் போயினும் விலகும் அத்துணிவே நேர்மை என நாம் கருதுகின்றோம். பட்டியல் அதனைத் தந்துவிடாது.