பழைய பேப்பர் கடைக்குப் போகும் பிரெஞ்சு

கும்மிடிப்பூண்டியை ஒட்டிய தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் டயர் தயாரிக்கும் மிச்செலின், பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. நம் பிள்ளைகளில் பலருக்கோ பிரெஞ்சு என்றால் பிளஸ் டூவில் மார்க் அள்ளித் தரும் பாடம், அவ்வளவுதான். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்ததும் அதை மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் 1972-இல் பிரான்ஸின் மார்செய் நகரில் அலென் கோல்மெரோவர் குழு உருவாக்கிய புரோலாக் என்ற கணினி மொழியே, பிரெஞ்சு வாக்கியங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சியில் பிறந்ததுதான். பிரெஞ்சு எண்களிலும் புரோகிராமுக்கு வேலை இருக்கிறது. பிரெஞ்சில் 99 என்று சொல்லவே ஒரு கணக்குப் போட வேண்டும்: நான்கு இருபது, பத்து, ஒன்பது. (நம் தொண்ணூறு மட்டும் லேசா? நூறைத் தொடாத எண்ணுக்குள் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது!) எண்ணைக் கொடுத்தால் பிரெஞ்சுச் சொல்லைத் தரும் புரோகிராம் ஒன்றை எழுதிப் பாருங்கள், இரண்டு பாடமும் ஒரே ராத்திரியில் பிடிபடும்.

பிளஸ் டூ பிரெஞ்சு நோட்டை எடைக்குப் போட்டுவிடாதே, தம்பி.