பேசவில்லை, வாசித்தார்

1865 ஏப்ரல் 10. மியூனிக்கில் வாக்னரின் ‘டிரிஸ்டானும் இசோல்டாவும்’ ஓபராவுக்கு ஆர்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகை. நடத்துபவர் ஹான்ஸ் ஃபான் ப்யூலோ. அன்றைக்கே அவர் மனைவி கோசிமாவுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. இசோல்டா என்று பெயர். சட்டப்படி ப்யூலோவின் மகள். பெற்றவர் வாக்னர்.

ஜூன் 10 அன்று நடந்த அரங்கேற்றத்தையும் ப்யூலோதான் நடத்தினார். ஓபராவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மார்க் ராஜாவுக்கு மணமகளாக வருபவள் இசோல்டா. அவளை அழைத்துவரும் டிரிஸ்டானுக்கும் அவளுக்கும் காதல். இருவரும் பிடிபடும்போது ராஜா ஆத்திரப்படுவதில்லை. இத்தனை நம்பியவன் ஏன் இப்படிச் செய்தான் என்று நெடுநேரம் புலம்புகிறார். அந்தப் புலம்பலுக்குத் தாளம் காட்டி நின்றது ப்யூலோவின் கை.

1868இல் வாக்னரின் ‘மாயிஸ்டர்சிங்கர்’ அரங்கேற்றமும் அவர் நடத்தியதுதான். அதே வருடம் கோசிமா வாக்னரிடம் போய்விட்டார். 1870இல் விவாகரத்து. சில வாரங்களில் அவர்கள் கல்யாணம்.

இதைக் கேட்டதும் நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் ரெடியாக இருக்கும். ‘என்னா மனுஷன்யா, கலைக்காக எல்லாத்தையும் தாங்கிக்கிட்டாரே’ என்பது ஒன்று. ‘சுயமரியாதை இல்லாத ஆளு’ என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

முதலில், ‘மனைவியைப் பறித்துக்கொண்டார்’ என்று சொல்வதே தப்பு. இசையமைப்பாளர் லிஸ்ட்டின் மகளான கோசிமா யார் வீட்டுப் பொருளும் இல்லை. அவர் தானே முடிவெடுத்துப் போனவர். ப்யூலோவும் சாது கிடையாது. 1879இல் ஹனோவரில் வாக்னரின் ‘லோஹென்கிரின்’ நடத்தியபோது, அன்னத்தின் வீரனாக நடித்த பாடகரைப் ‘பன்றியின் வீரன்’ என்று திட்டி வேலையையே இழந்தார். ஜெர்மனில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும்.

கவனியுங்கள்: விவாகரத்தாகி ஒன்பது வருடம் கழித்தும் அவர் வாக்னரை நடத்திக்கொண்டிருக்கிறார். வாக்னரின் பைரொய்த் அரங்க நிதிக்காகக் கச்சேரிகள் வாசித்து 40,000 மார்க் திரட்டினார். ஆனால் வாக்னரோடு மட்டும் திரும்பப் பேசவே இல்லை.

படைப்பையும் படைப்பாளியையும் பிரிக்கலாமா என்று நாம் ஓயாமல் சண்டை போடுகிறோம். பெரும்பாலும் அடி வாங்கியது வேறு யாரோ. தீர்ப்பு சொல்வது நாம். இங்கே அடி வாங்கியவரே பதில் சொல்லியிருக்கிறார். மன்னிப்பு மனிதருக்குத் தருவது. மதிப்பு படைப்புக்குத் தருவது. ஒன்றைத் தந்தால் இன்னொன்றையும் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ப்யூலோ இரண்டாவதைத் தந்தார். முதலாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆனால் இதைக் காட்டி, ‘பாருங்க, அவரே வாசிச்சாரு, உங்களுக்கென்ன?’ என்று பாதிக்கப்பட்ட இன்னொருவரிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. அவர் அதற்குக் கொடுத்த விலை சின்னதில்லை. 1869இல் மியூனிக் வேலையை விட்டு, உடம்பும் மனமும் நொறுங்கி இத்தாலிக்குப் போனார். வாசிப்பது என்று அவர் எடுத்த முடிவு அவருடையது. வாசிக்க மாட்டேன் என்றிருந்தால் அதுவும் நியாயமே.

இன்னொன்றும் உண்டு. ஏமாற்றப்பட்ட கணவராக மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பதும் ஒரு அநியாயம்தான். நிக்கோலாய் ரூபின்ஸ்டைன் மட்டமென்று சொன்ன சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை 1875இல் பாஸ்டனில் முதன்முதலாக வாசித்தவர் அவர். மைனிங்கன் என்ற சின்ன ஊரின் ஆர்கெஸ்ட்ராவை ஐரோப்பாவே திரும்பிப் பார்க்கச் செய்தார். பிராம்ஸின் நான்காவது சிம்பொனி 1885இல் அங்கேதான் அரங்கேறியது. அப்புறம் பெர்லின் ஃபில்ஹார்மோனிக். காயத்தைத் தாண்டியும் ஒரு முழு வாழ்க்கை அவருக்கு இருந்தது.

1883இல் வாக்னர் இறந்தார். கோசிமா சாப்பிட மறுத்துக் கிடந்தார். ப்யூலோவிடமிருந்து ஒரு தந்தி வந்தது, பிரெஞ்சில், ஒரே வரி: ‘சகோதரி, வாழ வேண்டும்.’

வாக்னரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.