சொன்ன வண்ணம்

வாலாஜாபாத்தில் எனக்குத் தெரிந்த போட்டோகிராபர் ஒருவர் இருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில் இருக்கும் ஊர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது, ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்தது என்றெல்லாம் சரித்திரம் உண்டு. நண்பருக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை, பஞ்சாங்கத்தில்தான் அக்கறை. முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுப்பார். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. அப்போது கைகொடுப்பவை காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள். தீபாவளிக்கான கேட்லாக் படங்களை ஆடியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் கடைகள் உண்டு.

அப்படி ஓர் ஆடி மாதக் காலை. எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன்.

“சார், பொண்ணு வரல சார்!”

“ஐயையோ, யார் வீட்டுக் கல்யாணம்?” என்று பதறிவிட்டேன்.

“கல்யாணப் பொண்ணு இல்ல சார். மாடல்! ஆறு மணிக்கு வரேன்னு சொன்னாங்க. போன் ஸ்விட்ச்டு ஆஃப்.”

நான் அன்று காஞ்சிபுரத்தில்தான் இருந்தேன். கோயிலுக்கு வந்தவன், தரிசனத்தை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனேன். ஒரு நாள் வாடகைக்கு எடுத்த பழைய முற்றத்து வீடு. சென்னையிலிருந்து வரவழைத்த விளக்குகள் கால் பரப்பி நிற்கின்றன. கடையில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்த பன்னிரண்டு பட்டுப்புடவைகள், வெள்ளைத் துணி விரித்த கட்டிலில். மேக்கப் போட வந்த அம்மா திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். பிரிக்காத இட்லிப் பொட்டலங்கள் எட்டு. நடுவில் நம்மாள், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“வாடகை போச்சு, லைட்டுக்குக் கொடுத்தது போச்சு. கடைக்காரர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஐயாயிரம் அட்வான்ஸ் அனுப்பினேன் சார். பணத்தை வாங்கிக்கிட்டு வராம இருந்தா, அது ஏமாத்து வேலை இல்லியா? இந்தக் காலத்துல யார் சார் சொன்ன வார்த்தைப்படி நடக்கறாங்க?”

எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அன்று காலையில் நான் தரிசித்துவிட்டு வந்ததே ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’ கோயில்!

உங்களுக்குத் தெரிந்த கதைதான். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ அரசன் தன்னைப் பாடச் சொல்கிறான். ‘மனிதனைப் பாட மாட்டேன்’ என்கிறார் கணிகண்ணன். ‘அப்படியானால் ஊரைவிட்டுப் போ’ என்று உத்தரவாகிறது. ‘என் சீடன் போனால் நானும் போகிறேன், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா’ என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு ஆழ்வார் கிளம்ப, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை, இன்றைய ஓரிக்கை. அரசன் மன்னிப்புக் கேட்டதும் ஆழ்வார் ‘திரும்பி வா’ என்றார். பெருமாள் திரும்பி வந்து படுத்தார். போய்வந்ததற்கு அடையாளமாக, மற்றக் கோயில்களுக்கு நேர்மாறாக இடம் வலம் மாறிப் படுத்திருக்கிறார் என்பார்கள்.

நண்பருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். “பெருமாள் வந்துட்டார் சார், மாடல் வரலியே!” என்றார். நியாயம்தான்.

தன் பக்கத்து நியாயத்தை நிரூபிக்க, செல்போனை என் கையில் கொடுத்தார். “நீங்களே படிச்சுப் பாருங்க சார். எல்லாம் இருக்கு.”

படித்தேன். தேதி, நேரம், இடம், சம்பளம், எத்தனை புடவை, கூட யார் வரலாம்... எல்லாம் இருந்தது. மனிதர் ஒழுங்கானவர். ‘ஓகே அண்ணா’ என்று அந்தப் பெண் பதில் போட்டிருந்தார். அட்வான்ஸ் வந்தது என்று கும்பிடு பொம்மை. ஆனால், கடைசிக்கு முந்தின செய்தியில் என் கண் நின்றுவிட்டது. வேலை என்ன என்பதற்கு நண்பர், ‘கேட்லாக் அண்ட் அதர் யூஸ்’ என்று எழுதியிருந்தார். முந்தின இரவு பத்தரை மணிக்கு அந்தப் பெண் கேட்டிருக்கிறார்: ‘அதர் யூஸ்னா என்னண்ணா?’

நண்பரின் பதில்: ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வழக்கமா போடறதுதான்.’

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு நீல டிக் மட்டும்.

“அதர் யூஸ்னா என்ன தம்பி?” என்று நானும் கேட்டேன்.

“தெரியல சார். கடைக்காரர் போடச் சொன்னார், போட்டேன்.”

மறுநாள் ஐயாயிரமும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மாவே போன் செய்தார். “தம்பி, நீங்க நல்லவரா இருப்பீங்க. ஆனா எங்களுக்குப் பயமா இருக்கு” என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார். முன்பு வேறொருவர், புடவை விளம்பரம் என்று சொல்லி எடுத்த படம். சில மாதம் கழித்து அவர்கள் தெருமுனையிலேயே ஃப்ளெக்ஸ் போர்டில் தொங்கியது. குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் இடத்தின் விளம்பரத்தில்! கல்யாணமாகாத பெண். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு, கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். வாக்குத் தவறியது யார்?

அவசரப்பட்டு அந்தப் பெண்ணுக்கு முழு மார்க் போட்டுவிடாதீர்கள். ‘வரமாட்டேன்’ என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். போனை அணைத்தது தப்பு. திண்ணையில் தூங்கிய மேக்கப் அம்மாவுக்கு அன்றைய கூலி போனதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் ‘வாங்கின காசுக்கு வந்துதானே ஆகணும்’ என்று நண்பர் சொன்னாரே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. காசு கொடுத்துவிட்டால் சம்மதத்தையும் வாங்கிவிட்டதாக ஆகிவிடுமா?

1872-ல் போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-ம் பிரிவு, சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். நான் ‘அதர் யூஸ்’ என்று எதையோ நினைத்து எழுதி, நீங்கள் வேறு எதையோ நினைத்து ‘ஓகே’ சொன்னால், அங்கே இரண்டு ‘ஓகே’ இருக்கிறது, சம்மதம் இல்லை. நண்பர் விஷயத்தில் இன்னும் மோசம். எழுதியவருக்கே அர்த்தம் தெரியாது!

நம் புராணத்திலும் இந்தப் பாடம் இருக்கிறது. தசரதன் கைகேயிக்கு வரம் கொடுத்தபோது, அது என்ன வரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெயர் எழுதாத, தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பிறகு அவள் அதில் என்ன எழுதினாள், என்ன விலை கொடுத்தான் என்பது ஊருக்கே தெரியும். தசரதன் சக்கரவர்த்தி. ஒரு நாள் சம்பளத்துக்கு வரும் பெண்ணிடம் நாம் நீட்டுவதும் அதே வெற்றுச் செக்தான்.

மற்ற வேலைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுவர் கட்டின கொத்தனார் சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு போனால், அவருடைய எதையும் நாம் வைத்துக்கொள்ளவில்லை. மாடலுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்து அனுப்புகிறோம், முகம் நம்மிடம் தங்கிவிடுகிறது. நம் காப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கு உரிமை. காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவருக்கு. படம் எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை செல்லும். படத்தில் இருக்கிறவருக்கு அந்த உரிமையில் பங்கு இல்லை. அதற்காக அவர் நாதியற்றவரும் இல்லை. 1994-ல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ‘நக்கீரன்’ ராஜகோபால் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், தெருமுனை ஃப்ளெக்ஸுக்காக டெல்லி வரை யார் போவது?

நல்ல நோக்கத்தோடு எடுத்தாலும் இந்தச் சிக்கல் விடாது. 1936 மார்ச்சில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற ஊர். பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் பசியோடு இருந்த ஒரு தாயை டாரதியா லாங் படம் எடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகமே அறிந்த படம். பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. லாங் அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற அந்தப் பெயர் வெளியே தெரிந்தது 1978-ல். ‘இந்தப் படத்தால் எனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம்’ என்கிற மாதிரி வருத்தப்பட்டார் அந்த அம்மாள். லாங்கும் அதில் பணம் பண்ணவில்லை, அரசாங்க வேலைக்காக எடுத்த படம். 1983-ல் அவர் படுத்த படுக்கையானபோது, படத்தின் நினைவாக முகம் தெரியாத ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த கசப்புக் குறைந்ததாம். மோசமானவர்கள் யாருமே இல்லாத கதை. இருந்தும் ஒரு தாய்க்கு நாற்பது வருஷத்துக்கு மேல் மனசில் முள்.

நண்பரின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. போர்ட்ஃபோலியோவில் இருப்பது ஐந்து வருஷத்துக்கு முந்தைய முகமாக இருக்கும். சீரியலில் சான்ஸ் வந்தது என்று முதல் நாள் இரவு கழன்றுகொள்வார்கள். இரண்டு மணி நேரம் லேட்டாக வந்துவிட்டு, முழுச் சம்பளம் கேட்பார்கள். எல்லாம் உண்மை. அவர்களைக் கேட்டால் இன்னொரு பட்டியல் வரும். உடை மாற்ற ஓர் அறை இருக்காது. பன்னிரண்டு புடவை என்று சொல்லி இருபது கட்டச் சொல்வார்கள். ‘பார்ட்டி கொடுத்ததும் தர்றேன்’ என்று பாக்கி இரண்டு மாதம் இழுக்கும். ‘சம்பளம் எதுக்கு, உங்களுக்கும் விளம்பரம்தானே’ என்பார்கள். அதுவும் உண்மை.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரோ ஒரு போட்டோகிராபர் உடைத்த நம்பிக்கைக்கு, வாலாஜாபாத் நண்பர் அபராதம் கட்டினார். அவர் பட்ட அவஸ்தையில், அடுத்து வரும் மாடலிடம் அட்வான்ஸே கொடுக்க மாட்டார். அந்தப் பெண், இந்தப் பெண் போனை அணைத்ததற்கு அபராதம் கட்டுவாள். நம்பிக்கை ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. அழுக்குப் பண்ணுகிறவன் ஒருவன், வயிற்றுவலி இன்னொருவனுக்கு.

இது போட்டோகிராபர் சமாசாரம் மட்டும்தானா? ‘நாளைக்கு வரேன் சார்’ என்று போன பிளம்பரை நாம் எத்தனை தடவை திட்டியிருப்போம்! அவரிடம் வேலை இவ்வளவுதான் என்று சொல்லிக் கூப்பிட்டோமா, அல்லது குழாய் என்று சொல்லிவிட்டு, வந்த பிறகு மாடித் தொட்டியையும் காட்டினோமா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ‘சின்னச் சின்ன வேலைதாம்மா’ என்கிறோமே, அதுவும் ஒரு ‘அதர் யூஸ்’தான்.

கடைக்காரர் ஒரு வழி சொன்னாராம். “எதுக்குய்யா இந்தத் தலைவலி? கம்ப்யூட்டரே பொண்ணை உண்டாக்குதாமே!” உண்மைதான். 2025-ல் அமெரிக்க ‘வோக்’ பத்திரிகையிலேயே, ‘கெஸ்’ நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்த பெண், செயற்கை நுண்ணறிவு உண்டாக்கியவள். அவள் லேட்டாக வர மாட்டாள். போனை அணைக்க மாட்டாள். ‘அதர் யூஸ்னா என்னண்ணா?’ என்று கேட்கவும் மாட்டாள். நண்பர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணாங்க, அப்புறம் நான் எதுக்கு?” என்றாராம்.

அவர் வேறொன்று செய்தார். ஒரே ஒரு பக்கம், தமிழில் எழுதினார். எந்தக் கடை, எதற்கெல்லாம் படம், எத்தனை வருஷம், வேறெதற்காவது போடுவதென்றால் கேட்டு, தனியாகப் பணம் கொடுத்துத்தான். மாடல் வராவிட்டால் என்ன, படப்பிடிப்பை நாமே நிறுத்தினால் மாடலுக்கு எவ்வளவு, அதுவும் எழுதினார். அந்த வீட்டுக்கே போன் செய்து, அம்மாவும் பெண்ணும் கேட்க, வரி வரியாகப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் “இது வேணாம் தம்பி” என்றார் அம்மா. அடித்துவிட்டார். கடைக்காரர் முணுமுணுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

படப்பிடிப்பு ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தார். ஐந்தேமுக்காலுக்கு எனக்கு போன்.

“சார், வந்துட்டாங்க சார்!”

“பொண்ணா?”

“பொண்ணு, அம்மா, சித்தி... மூணு பேரும் வந்துட்டாங்க. இட்லிதான் பத்தாது போலிருக்கு!”