ஒழுகும் கூரையும் இல்லறத்தான் கணக்கும்



ஓடு சொல்லிவிட்டு உடைவதில்லை. உடைந்ததை அன்றே மாற்றினால் ஓர் ஓட்டின் விலையோடு போகும். நாள் கடத்தினால் மழைநீர் இறங்கி ரீப்பர் இற்றுப்போகும். கரையான் ஏறிக் கைமரத்தையும் அரிக்கும். பின்னர் வட்டிக்காரன் வாசலே கதியாகும்.

இதற்கு வழி யாது? பகவான் புத்தர் சிகாலன் என்னும் இளைஞனுக்கு இல்லறத்தான் பொருளை 4 பங்குகளாக வகுத்துக் காட்டினார். ஒரு பங்கு துய்ப்பதற்கு. 2 பங்கு தொழிலுக்கு. எஞ்சிய பங்கு ஆபத்துக் காலத்திற்கு. ஆலையிலும் வயலிலும் கூலி பெற்று வாழும் நம்மவர்க்கு 2 பங்கைத் தொழிலில் இடுதல் இயலாதிருக்கலாம். ஆயினும் நான்காம் பங்கைச் சிறிதாகவேனும் ஒதுக்குதல் இயலும். கூரையைக் காப்பது அதுவே.

முதற் பங்கையும் மறத்தலாகாது. ஓட்டுக்காகக் குழந்தையின் பாலை நிறுத்துவது தம்மமன்று. கோலிய குலத்துத் தீகஜாணுவுக்கு உபதேசிக்கையில், தராசு பிடிப்பவனைப் போல் வரவையும் செலவையும் சீர்தூக்குமாறு பகவான் அருளினார். ஊதாரித்தனத்தையும் உலோபத்தையும் ஒருங்கே விலக்கினார்.

ஆகவே, கூலி பெறும் நாளிலேயே வீட்டுக்கெனச் சிறு தொகையை எடுத்து வைப்போம். எஞ்சியதைக் கொண்டு மனநிறைவோடு உண்போம், உடுப்போம். மழை இரவில் நம் பிள்ளைகள் நனையாமல் உறங்கட்டும்.

எல்லா உயிர்களும் நலமுறுக!