மரணப் படுக்கையும் சமுதாயக் கடமையும்

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை; வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்." குணப்படுத்த முடியாத நோயாளியின் குடும்பத்தாரிடம் சொல்லப்படும் இவ்வார்த்தைகளில் பாதி உண்மையும் பாதிப் பொய்யும் கலந்துள்ளன. நோயை மாற்ற முடியாதென்பது உண்மை. செய்வதற்கு ஒன்றுமில்லையென்பது பொய்.

மனிதன் தன் சொந்த வீட்டில், தன் மக்கள் நடுவே கண்மூட விரும்புவது இயல்பே. ஆனால் அந்த வீடு எத்தகையது? ஏழையின் வீட்டில், அன்றாடக் கூலியை இழந்து இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியோ மகளோதான் தாதி, வைத்தியரும் அவளே. அவளுடைய தோளில் முழுச் சுமையையும் இறக்கிவிட்டு, வீட்டில் இறப்பதன் நிம்மதியைப் பற்றி நாம் பேசுவது அறமாகுமா?

1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ், தாதியாகவும் சமூக ஊழியராகவும் பணியாற்றிப் பின்னர் வைத்தியரானவர். இறக்கும் மனிதனின் நோவு உடலில் மட்டுமன்றி, அவனது மனத்திலும் குடும்பத்தின் நிலையிலும் உண்டென்பதை அவர் வற்புறுத்தினார். 1969இல் அவ்வில்லத்தின் குழுவினர் நோயாளரின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர்.

இப்பணி செல்வ நாடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கேரளம் காட்டியது. 1993இல் கோழிக்கோட்டு அரசாங்க மருத்துவக் கல்லூரியில் இராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய வைத்தியர்கள் நோவு தணிக்கும் பணியை ஆரம்பித்தனர். ஆயின், படுத்த படுக்கையாய்க் கிடப்பவன் நகரத்துக்கு வருவது எங்ஙனம்? பின்வந்த ஆண்டுகளில் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அயலவர்களே பயிற்சிபெற்றுத் தொண்டர்களாயினர். சிறு சிறு நன்கொடைகளால் நிதி திரட்டினர். 2008இல் கேரள அரசு இப்பணியைத் தன் கொள்கையாக ஏற்றது. வீடு தேடிச் செல்லும் தாதியரைப் பஞ்சாயத்துகள் அமர்த்தின.

அக்குழு செய்வதென்ன? புண்ணைக் கழுவிக் கட்டுகிறது. சிறுநீர்க் குழாயை மாற்றுகிறது. படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வீட்டாருக்குக் கற்பிக்கிறது. மோர்பின் கொடுக்க வேண்டிய நேரத்தையும் அளவையும் விளக்குகிறது. அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசிக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் தொண்டர்கள் வழிதேடுகிறார்கள். இறப்புக்குப் பின்னரும் அவ்வீட்டாரைக் காண வருகிறார்கள்.

இது வெறும் தருமமேயன்றிச் சமுதாய மாற்றமன்று என நண்பர் சிலர் கூறலாம். அவர்கள் மோர்பினின் கதையை எண்ணிப் பார்க்கட்டும். அபினைச் சட்டபூர்வமாக விளைவித்து ஏற்றுமதி செய்துவந்த நாடு இந்தியா. அபினிலிருந்து பெறப்படும் அந்த மலிவான மருந்தோ, 1985ஆம் ஆண்டின் கடுமையான போதைப்பொருட் சட்டத்தின் பின்னர், அந்நாட்டு நோயாளருக்கே எட்டாததாயிற்று. நோயாளர் பக்கம் நின்றோர் நெடுங்காலம் வாதாடிய பின்னரே 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. படுக்கையருகே தொடங்கிய இரக்கம் பாராளுமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது.

தொண்டரின் அன்பைக் காட்டி அரசு கைகழுவுமாயின், அதனை நாம் எதிர்க்கத்தான் வேண்டும். அதற்காக, மாற்றம் வரும்வரை நோவைப் பொறுத்திரு என்று இறப்பவனிடம் சொல்லும் உரிமை நமக்கில்லை. அவனுக்குக் காலமில்லை. நோவின்றி இறப்பது செல்வரின் சலுகையன்று, மனிதரின் உரிமை. அவ்வுரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம், விழித்திருக்கும் அப்பெண்ணை ஓரிரவேனும் உறங்கவைக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.