பொய்ச்சாட்சி சொல்லாத கிருகஸ்தர்

உண்மைக்காகத் துறவி ஒருவர் எதை இழந்தாலும் அந்த இழப்பு அவரோடு முடிந்துவிடுகிறது. இல்லறத்தாரின் நிலை அப்படியன்று. அவரது தட்டில் குறைகின்ற சோறு குழந்தைகளின் தட்டிலும் குறைகிறது. அப்படியானால், தம்மை நம்பி வாழ்கின்றவர்களைப் பசியில் தள்ளும் ஓர் உண்மையைப் பற்றிநிற்க அவருக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வி வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தில் தேரே என்ற சிற்றூரில் ஒரு மனிதரின் வாசலுக்கே வந்தது. க்ஷுதிராம் சட்டோபாத்யாயருக்கு அப்போது வயது ஏறத்தாழ நாற்பது. மனைவி சந்திரமணி தேவி. மகன் ராம்குமாருக்கு ஒன்பது வயது. மகள் காத்யாயனிக்கு நான்கு. முன்னோர் வழியில் வந்த நிலம் சுமார் 150 பிகா, அதாவது ஏறக்குறைய 50 ஏக்கர். அவ்வூர் ஜமீன்தார் ராமானந்த ராய், தமக்கு வேண்டாத ஒருவர்மீது பொய் வழக்குத் தொடுத்தார். வழக்கு வெல்ல, ஊரார் மதிக்கும் ஒருவரின் சாட்சி வேண்டியிருந்தது. க்ஷுதிராமை அழைத்தார், க்ஷுதிராம் மறுத்தார். அடுத்த பொய் வழக்கு அவர்மீதே பாய்ந்தது. சொத்து முழுவதும் ஏலத்தில் போயிற்று. 1814-ஆம் ஆண்டுவாக்கில் அந்தக் குடும்பம் பிறந்த ஊரை விட்டு வெளியேறியது.

‘ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழந்தைகள் சுகமாக இருந்திருப்பார்களே’ என்று உலகியல் அறிவு கேட்கும். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதில் ஒருவர் விடுபட்டுப் போகிறார்: ராமானந்த ராயின் பகைக்கு ஆளான அந்த மனிதர். அவரது பெயரைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. க்ஷுதிராம் பொய் சொல்லியிருந்தால் வீடிழந்து நின்றிருப்பவர் அவர். ஆகவே இங்கே தராசின் ஒரு தட்டில் குடும்பமும் மறுதட்டில் உண்மை என்ற வெறும் கொள்கையும் இருக்கவில்லை. இரண்டிலும் மனிதர்களே இருந்தார்கள். 1797-இல் பொய்யைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிய ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், உண்மை பேசுவதால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடிய சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டு பெரிதும் சிரமப்பட்டார். தேரேயில் எழுந்தது அத்தனை நுட்பமான சிக்கலன்று. நம் அன்றாட வாழ்வில் எழுபவையும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையல்ல. என் பிள்ளைக்காகப் பிறர் பிள்ளையைப் பலியிடலாமா என்பதே பல வேளைகளில் உண்மையான கேள்வி.

க்ஷுதிராம் ஸ்ரீராமகிருஷ்ணரின் தந்தை என்பதை வாசகர் அறிவர். அதனாலேயே இந்த வரலாற்றைப் படிக்கும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். ‘நிலம் போனால் என்ன, அவதார புருஷரே மகனாக வந்தாரே’ என்று கணக்கை நேர்செய்துவிடுகிறோம். கதாதரன் பிறந்தது 1836-இல். மறுப்புச் சொன்ன நாளுக்கும் அந்தப் பிறப்புக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. பலனைக் காட்டி அந்தச் செயலைப் புகழ்வது, அதை ஒரு நல்ல வியாபாரமாக்கிவிடுவதாகும். பிற்பாடு எதுவுமே கிடைக்காமற் போயிருந்தாலும் அவர் செய்தது சரிதானா? அங்கேதான் கேள்வியை நிறுத்த வேண்டும்.

நண்பர் சுக்லால் கோஸ்வாமி காமார்புகூரில் சில குடிசைகளையும், லக்ஷ்மிஜலா என்ற வயலில் ஒரு பிகாவுக்குச் சற்றே அதிகமான நிலத்தையும் அளித்தார். 150 பிகா இருந்த இடத்தில் ஒன்று! இழந்ததை மீட்க க்ஷுதிராம் நீதிமன்றம் செல்லவில்லை. நியாயமான காரியத்துக்கும் வழக்காடுவதை விரும்பாதவர் அவர். குலதெய்வமான ரகுவீரரின் பூஜை, விதைப்பு, அறுவடை என்று நாட்கள் சென்றன. ராம்குமார் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, 1824-இல் அவர் கால்நடையாகவே நம் ராமேசுவரத்துக்கு வந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஊர் திரும்பினார். 1826-இல் பிறந்த மகனுக்கு ராமேசுவரன் என்று பெயரிட்டார்.

1843-இல் துர்க்கா பூஜைக்காகச் சேலாம்பூரில் இருந்த சகோதரி மகன் ராம்சாந்தின் வீட்டுக்குச் சென்றார். ராம்குமாரும் உடன் இருந்தார். பூஜை நாட்களிலேயே வயிற்றுநோய் கடுமையாயிற்று. விஜயதசமியன்று பேச்சு அடங்கும் நிலையில், தம்மை எழுப்பி உட்கார வைக்கும்படி கேட்டார். ரகுவீரரின் பெயரை மும்முறை சொன்னார், உயிர் பிரிந்தது. மனைவியும் ஏழு வயதுக் கதாதரனும் காமார்புகூரில் இருந்தார்கள்.

குடும்பச் சுமை முழுவதும் ராம்குமாரின் தோளில் இறங்கியது. தேரேயில் இழந்த நிலம் யாருக்காவது உண்மையில் தேவைப்பட்டது என்றால் அது அவருக்குத்தான். ஆனால் தந்தையின் மறுப்பில் அந்த ஒன்பது வயதுச் சிறுவனை யாரும் கலந்துகொள்ளவில்லை. வருமானம் குறைந்தது, கடன் ஏறியது, பிரசவத்தில் மனைவியையும் பறிகொடுத்தார். 1850-ஐ ஒட்டி அவர் கல்கத்தா சென்று, ஜாமாபுகூரில் ஒரு சம்ஸ்கிருதப் பாடசாலையைத் தொடங்கினார். அங்கு ஈட்டிய சிறு பொருளைக்கொண்டே காமார்புகூரில் அடுப்பு எரிந்தது.